முற்றத்துப் படியில் மட்டும் வந்த சிக்னல்

எங்கள் வீட்டின் அகலம் 22 அடி, நீளம் 130 அடி. கும்பகோணத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொன்னாலே வீடு கண்முன் வந்துவிடும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, சமையலறை, கொல்லை என்று ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். எல்லாக் கதவுகளும் திறந்திருந்தால் வாசலில் நின்றபடியே கொல்லைக் கிணற்றைப் பார்க்கலாம். திண்ணையை ஒட்டிய அறையில் என் டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் பிழைப்பு.

வீட்டுக்குள் நெட் வருவதில் நான் வயர் கட்சி, வைஃபை கட்சி அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2009-இல் கடையில் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு லேசர் பிரிண்டரும் சேர்ந்தபோது, சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் 305 மீட்டர் கேட் 5இ நெட்வொர்க் கேபிள் பெட்டி ஒன்று, மிஷின்களை கேபிளில் ஒன்றோடொன்று இணைக்கும் எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்று, கேபிள் முனையில் மாட்ட நூறு ஆர்ஜே45 ஜாக்குகள், அவற்றை அழுத்திப் பொருத்தக் கிரிம்பிங் கட்டிங் பிளையர் வாங்கி வந்தேன். பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்ததற்குக் கண்டக்டர் லக்கேஜ் போட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்து, கடையிலிருந்து ரேழி வழியாக, கூடத்து உத்தரத்தின் ஓரமாக, முற்றத்துத் தாழ்வாரத்தைச் சுற்றி, இரண்டாம் கட்டில் இருந்த அப்பாவின் அறை வரை கேபிளைக் கொண்டுபோய் ஆணி கிளிப் அடித்தேன். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்த இன்டர்நெட்டின் வேகம் 512 கேபிபிஎஸ். கடைக்குள் ஓடிய வயரின் வேகமோ 100 எம்பிபிஎஸ். வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை, ஆனால் வாய்க்கால் அகலமாக வெட்டியாகிவிட்டது என்று அப்பா கேலி செய்வார். பேனர் கோப்பு 300 எம்பி இருந்தாலும் ஒரு மிஷினிலிருந்து இன்னொன்றுக்கு அரை நிமிடத்தில் போய்விடும். அதற்காகவே போட்டது.

வைஃபை எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது 2016 மகாமகத்துக்கு. ஊரே விருந்தாளிகளால் நிரம்பிய நேரம். எங்கள் வீட்டில் மட்டும் பதினான்கு பேர். குளித்துவிட்டு வந்தவர்கள் ஈரத் துணியை மாற்றுவதற்கு முன்பே "பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டார்கள். அவசரத்துக்கு ஒரு சின்ன ரூட்டர் வாங்கிக் கடையில் வைத்தேன். மகாமகம் முடிந்ததும் கழற்றி அலமாரியில் போட்டாயிற்று. இன்றைக்கும் அதற்கு எங்கள் வீட்டில் பெயர் மகாமக ரூட்டர்தான்.

அப்புறம் ஃபைபர் வந்தது. 200 எம்பிபிஎஸ் பிளான். இணைப்புக் கொடுக்க வந்த பையன் வாசலோடு வேலையை முடித்துக்கொண்டு போகும் அவசரத்தில், ஃபைபர் பெட்டியைக் கடையில் என் மேஜைக்குக் கீழே, இரண்டு சிபியுக்களுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போனான். அதிலேயே வைஃபையும் இருந்தது. கடைக்கு அது போதும். எனக்குத்தான் வயர் இருக்கிறதே!

முதல் அடி மகளிடமிருந்து வந்தது. கல்லூரிக்கு வாங்கிக் கொடுத்த லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், லேன் போர்ட்டே இல்லை. பதினைந்து வருடங்களாகச் சுவரில் ஓடிக்கொண்டிருக்கும் கேபிளின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைச் செருக இடமில்லாமல் நின்றேன். "அப்பா, இப்போ யாரும் இதுல ஓட்டை வெக்கிறதில்லப்பா" என்றாள்.

இரண்டாவது, அம்மா. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவான். அம்மாவின் அறை இரண்டாம் கட்டில், அப்பா இருந்த அதே அறை. அங்கே சிக்னல் கிடையாது. அம்மாவே வீடு முழுக்க நடந்து பார்த்து, முற்றத்தில் துளசி மாடத்துக்குப் பக்கத்துப் படியில் மட்டும் பேச முடிகிறது என்று கண்டுபிடித்திருந்தார். வெயிலோ தூறலோ, ஐந்தரைக்கு அந்தப் படியில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் மழையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஏன் அந்தப் படி மட்டும்? கடை மேஜையிலிருந்து ஒரு நூலைக் கட்டி இழுத்தால் கடைக் கதவு, ரேழிக் கதவு, கூடத்து வாசல் எல்லாவற்றையும் தாண்டி நேராக அந்தப் படியில்தான் போய் முட்டும். சிக்னல் கதவுகளின் வழியாகவே போய்க்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகப் பதினான்கு அங்குலம். அதில் ஒன்றைத் தாண்டினால் பலவீனமாகும், இரண்டைத் தாண்டினால் மூச்சு வாங்கும், மூன்றாவதில் படுத்துவிடும். போதாக்குறைக்குக் கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு இரண்டு இரும்பு பீரோக்கள். ராத்திரி ரேழிக் கதவைச் சாத்தினால் படியிலும் ஒரு கோடு குறைந்துவிடும் என்று அம்மா சொன்னார். கருவி எதுவும் இல்லாமல் அம்மா செய்த சர்வே அது.

முதலில் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். ரிப்பீட்டர் வாங்கினேன். சுவர் பிளக்கில் செருகுகிற சின்னப் பெட்டி. கூடத்தில் செருகியதும் அம்மாவின் போனில் கோடுகள் முழுசாக வந்தன. வீட்டில் ஒரே சந்தோஷம். ஆனால் அண்ணனின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. அந்தக் கோடுகள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவில் உள்ள உறவை மட்டுமே காட்டும். ரிப்பீட்டருக்குக் கடையிலிருந்து எவ்வளவு வந்து சேர்கிறது என்று காட்டாது. அதோடு, விலை குறைந்த ரிப்பீட்டரில் இருப்பது ஒரே ரேடியோ. ஒரு வாக்கியத்தைக் கேட்கும், பிறகு அதையே அதே சேனலில் திரும்பச் சொல்லும். கேட்கும் நேரத்தில் பேச முடியாது. அதனால் வேகம் பாதியாகிவிடும். கூடத்திலேயே சிக்னல் அரைகுறை. அதில் பாதி என்றால் என்ன மிஞ்சும்? அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சித்தப்பா மகன் பெங்களூரில் இருக்கிறான். "மெஷ் வாங்குண்ணே, மூணு பெட்டி, எல்லாம் அதுவே பாத்துக்கும்" என்றான். வீட்டில் அங்கங்கே வைத்தால் ஒன்றுக்கொன்று பேசி ஒரே வைஃபையாக வேலை செய்யும் பெட்டிகள். விலையைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். மெஷ் மோசமில்லை. ஆனால் அந்த மூன்று பெட்டிகளும் தங்களுக்குள் காற்றில்தான் பேசிக்கொள்ள வேண்டும். அதே பதினான்கு அங்குலச் சுவர்கள்தான் நடுவில் நிற்கும். பெட்டிகளுக்கு நடுவில் வயர் போட்டால் நன்றாக இருக்கும் என்று அந்தப் பெட்டிக்காரர்களே சொல்கிறார்கள். வயர்தான் ஏற்கெனவே இருக்கிறதே! 130 அடி வீட்டில் 100 அடிக்குமேல் கேபிள் போகிறது. கடைசிப் பத்துப் பதினைந்து அடி மட்டும் காற்றில் போனால் போதும். அதற்கு எதற்கு மூன்று பெட்டி?

மகாமக ரூட்டரை அலமாரியிலிருந்து எடுத்தேன். அம்மா அறையில் வந்து முடிகிற கேபிளை அதன் நீல நிறப் போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து வரும் இன்டர்நெட்டை வாங்கிக்கொள்கிற வான் (WAN) போர்ட்டில் செருகினேன். வைஃபை வந்தது. அண்ணன் முகம் தெளிவாக வந்தது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் மனைவி அம்மா அறையிலிருந்து மின்கட்டண ரசீதை போனில் பிரிண்ட் கொடுக்கப் பார்த்தார். பிரிண்டரே இல்லை என்றது போன். கடைக்கு வந்து கொடுத்தால் இருக்கிறது, உள்ளே போனால் இல்லை. காரணம் எளிது. வான் போர்ட்டில் செருகியதால் மகாமக ரூட்டர் தன்னை ஒரு தனி வீட்டின் தலைவர் என்று நினைத்துக்கொண்டது. கடையில் உள்ள எல்லாம் 192.168.1 என்று ஆரம்பிக்கும் முகவரிகள். அம்மா அறையில் உள்ள எல்லாவற்றுக்கும் இது 192.168.0 என்று வேறு தெருவைக் கொடுத்துவிட்டது. உள்ளேயிருந்து இன்டர்நெட்டுக்குப் போகலாம், ஆனால் "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று போன் போடுகிற சத்தம் தெருவைத் தாண்டாது. கடை மிஷினிலிருந்து உள்ளே இருக்கும் லேப்டாப்பையும் தொட முடியாது. நடுவில் சுவர் எழுப்பியாயிற்று, நானே.

சரி, வான் வேண்டாம், வீட்டுக்குள் இருப்பவற்றுக்கான மஞ்சள் நிற லேன் போர்ட் ஒன்றில் செருகினால் ஒரே தெருவாகிவிடும் என்று மாற்றிச் செருகினேன். அதுதான் சரியான போர்ட். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளைச் செய்யாமல் செருகிவிட்டேன்.

அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. முகூர்த்த நாள் நெருங்குகிற சமயம். கடையில் ஒரு பெரியவர் பேத்தி கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் பார்க்க உட்கார்ந்திருந்தார். இன்னொரு மிஷினை ரீஸ்டார்ட் செய்தேன். இன்டர்நெட் இல்லை. பிரிண்ட் கொடுத்தேன், போகவில்லை. என் போனிலும் நின்றுவிட்டது. மகள் உள்ளேயிருந்து கத்தினாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, ராகு காலத்துல ஆரம்பிச்சிட்டீங்களோ?" என்றார்.

கோவில் வாசலில் செருப்பு வைக்கிற இடத்தில் டோக்கன் கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். திடீரென்று இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இஷ்டத்துக்கு வேறு டோக்கனைக் கொடுக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. நெட்வொர்க்கில் முகவரி கொடுக்கும் வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். ஃபைபர் பெட்டி ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தது. மகாமக ரூட்டரும் அதே வயரில் உட்கார்ந்துகொண்டு கொடுக்கத் தொடங்கியது. யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர்களிடம் வாங்கிக்கொள்வதுதான் கம்ப்யூட்டரின் குணம். மகாமக ரூட்டரிடம் வாங்கியவர்களுக்கெல்லாம், "வெளியே போக என்னிடம் வா" என்று சொல்லியிருக்கிறது. அதற்கே வெளியே போக வழியில்லை, வான் போர்ட் காலியாகக் கிடக்கிறது. ஏற்கெனவே முகவரி வாங்கியவை அதன் கெடு முடியும்வரை ஓடும்; புதிதாகக் கேட்பவைதான் மாட்டும். ஒவ்வொன்றாகச் சாய்ந்தது அதனால்தான். கேபிளைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் பெரியவருக்கு புரூஃப் கொடுக்க முடிந்தது.

அன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு முறையாகச் செய்தேன். இதே நிலையில் இருப்பவர்கள் யாராவது படித்தால் உதவும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். பழைய ரூட்டரை வீட்டு நெட்வொர்க்கோடு சேர்க்காமல், பழைய கம்ப்யூட்டர் ஒன்றோடு மட்டும் வயரில் இணைத்தேன். பிரவுசரில் அதன் செட்டிங் பக்கத்தைத் திறந்து, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். சேவ் கொடுத்ததும் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். பயப்பட வேண்டியதில்லை, அது வீடு மாறிவிட்டது, நாம்தான் பழைய வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறோம். கேபிளை ஒரு தரம் பிடுங்கிச் செருகிவிட்டுப் புதிய முகவரியை அடித்தால் திறக்கும். அதன்பிறகு டிஎச்சிபியை அணைத்தேன். வைஃபையின் பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றையும் கடையில் உள்ளதைப் போலவே வைத்தேன். கடைசியாகத்தான் வீட்டுக் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகினேன். வான் போர்ட்டுக்கு இனி வேலையில்லை. தெரியாமல் யாரும் செருகிவிடக் கூடாது என்று அதன் வாயில் செல்லோடேப் ஒட்டினேன். ஃபைபர் பெட்டி 100 முதல் 200 வரையிலான முகவரிகளை மட்டும் கொடுக்கட்டும் என்று அதிலும் எல்லை போட்டேன். பிரிண்டருக்கு 50, இதற்கு 2. யாரும் யார் இடத்திலும் உட்கார மாட்டார்கள்.

இவ்வளவுதான் வேலை. இதற்குப் பிறகு அந்த ரூட்டர் ரூட்டரே அல்ல. வயரில் வருவதைக் காற்றில் விடும், காற்றில் வருவதை வயரில் விடும். ஆக்சஸ் பாயின்ட் என்று கடையில் தனியாக விற்பதும் இதைத்தான். புதிய ரூட்டர்கள் பலவற்றில் இதற்கென்றே ஒரு மோட் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் அதுவே செய்துகொள்ளும். பழையதில் கையால் செய்ய வேண்டும்.

ஒரு மாதம் ஓடியது. அப்புறம் ஆசை யாரை விட்டது? மகாமக ரூட்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். அம்மா அறையில் வைத்தால் இரண்டாம் கட்டுக்கு எடுக்கிறது, கூடத்துக்கு எடுக்கவில்லை. 2.4, 5 என்று இரண்டு அலைவரிசையும் உள்ள, கிகாபிட் (அதாவது ஆயிரம் எம்பிபிஎஸ்) போர்ட் வைத்த ஒன்றை வாங்கினேன். எங்கே வைப்பது என்பதில்தான் மூளையைச் செலவழித்தேன்.

முற்றம்! அந்த வீட்டைக் கட்டியவர்கள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விட்ட இடம், சிக்னலுக்கும் அதுவே. முற்றத்தைச் சுற்றித்தான் கூடம், இரண்டாம் கட்டு, அம்மா அறை எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. தாழ்வாரத்து மூலையில், சாரல் படாத உயரத்தில் வைத்தால் இவை எதற்கும் நடுவில் ஒரு சுவருக்குமேல் வராது. 2009-இல் நான் இழுத்த கேபிளும் அதே தாழ்வாரத்தின் வழியாகத்தான் போகிறது. அந்த இடத்தில் கேபிளை வெட்டி, இரண்டு முனைகளிலும் ஜாக் போட்டு, முன்னாலிருந்து வருவதை ஒரு லேன் போர்ட்டில், பின்னால் போவதை இன்னொன்றில் செருகினால் போதும். பின்பக்க போர்ட்டுகள் ஸ்விட்ச் போலவே வேலை செய்வதால் அம்மா அறைக்குப் போகும் வயரும் உயிரோடு இருக்கும். அங்கே இப்போது டிவி மாட்டியிருக்கிறது.

வெட்டினேன். நாற்பத்தெட்டு வயதில், ஏணியின் மேல் நின்றுகொண்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் ஆரஞ்சு வெள்ளையையும் பழுப்பு வெள்ளையையும் பிரித்துப் பார்ப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்பதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். வரிசை மனப்பாடம்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி மட்டும் மூன்றிலும் ஆறிலும் பிரிந்து உட்காரும், நடுவில் நீலம். அழகாக இருக்கிறதே என்று ஜோடி ஜோடியாக அடுக்கிவிட்டால், இரண்டு பக்கமும் ஒரேபோல அடுக்கியிருப்பதால் சின்ன டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் கேபிளுக்குள் ஜோடியாக முறுக்கியிருக்கும் கம்பிகள் ஜாக்கில் ஜோடி மாறிப்போவதால் வேகம் கெடும். என் மச்சானின் கடையில் இப்படி ஒரு வருடம் ஓட்டினார்கள்.

எல்லாம் செருகி, வேகம் பார்த்தேன். 94.

மறுபடியும் பார்த்தேன். 94. மூன்றாவது தரமும் அதே. 200-க்குப் பணம் கட்டுகிறவனுக்கு 94 என்று நிலையாக வந்தால், அது சிக்னல் கோளாறு அல்ல. சிக்னல் கோளாறு என்றால் எண் ஆடும். 94-இல் ஆடாமல் நிற்கிறது என்றால் எங்கோ ஒரு வயர் கிகாபிட்டில் பேசாமல் நூறிலேயே பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டுக் கம்பியில் நாலு போதும்: 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு ஜோடி கிடைக்காவிட்டாலும் இரண்டு பக்கமும் சத்தம் போடாமல் நூறுக்கு இறங்கிவிடும். நமக்குச் சொல்லாது.

150 ரூபாய் டெஸ்டரை மாட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று எரிந்தன. நாலும் ஐந்தும் இருட்டு. ஆறு, ஏழு, எட்டு எரிந்தன. என் கிரிம்பிங் சரியில்லை என்று வெட்டி மறுபடி போட்டேன். மறுபடியும் இருட்டு. மூன்று ஜாக் வீணாயிற்று. எலியாக இருக்குமோ என்று ரேழிப் பரணில் ஏறிப் பார்த்தேன். எலி இருந்த தடயம் இருந்தது, கேபிளில் பல் படவில்லை. எலி கடித்தால் நீல ஜோடியை மட்டும் பொறுக்கியா கடிக்கும் என்று மனைவி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டபோதுதான் பொறி தட்டியது.

கடைக்குப் போய் மேஜையை நகர்த்தினேன். 2009-இல் நான் போட்ட கேபிள் சுவரில் வந்து இறங்குகிற இடத்தில், உறையைக் கீறி நீல ஜோடியை மட்டும் வெளியே இழுத்து, லேண்ட்லைன் போன் பெட்டியில் திருகியிருந்தது. அப்பாவுக்காகச் செய்தது. அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் காது மந்தம். வாசலில் போன் அடித்தால் கேட்காது. அறையிலேயே ஒரு போன் வேண்டும் என்றார். தனியாக இன்னொரு வயர் இழுக்க வேண்டாம், எட்டில் நாலுதானே வேலை செய்கிறது, மற்றது சும்மாதானே இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். அந்த வருடத்துக்கு அவர் சொன்னது சரி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நீலம் தேவையில்லை. அப்பா அந்தப் போனில் பேசுவது தெருவுக்கே கேட்கும். 2017-இல் அவர் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து லேண்ட்லைனையும் எடுத்துவிட்டோம். திருகின கம்பியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்க்ரூவைக் கழற்றினேன். நீலக் கம்பியின் நுனி கறுத்திருந்தது. நல்ல வேளையாக அங்கே ஒரு முழம் கேபிளைச் சுருட்டி விட்டிருந்தேன். கறுத்த பகுதியை வெட்டிவிட்டு எட்டுக் கம்பியையும் சேர்த்துப் புதிதாக ஜாக் போட்டேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக ஓடின. முற்றத்திலிருந்து மகள் "நூத்தித் தொண்ணூத்தாறு" என்று கத்தினாள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடைப் பெட்டிக்கு 2.4-இல் சேனல் 1, முற்றத்துப் பெட்டிக்கு 11. பக்கத்து வீடுகளில் பாதிப்பேர் 6-இல் இருந்தார்கள். 1, 6, 11 என்ற மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. நடுவில் 3, 4 என்று போட்டால் இரண்டு பக்கத்துக்கும் தொல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் முற்றத்தைச் சுற்றி அபாரமாக ஓடுகிறது, சமையலறைக்குள் இரண்டாவது சுவர் வந்ததும் சோர்ந்துவிடுகிறது, அங்கே 2.4 பார்த்துக்கொள்கிறது.

ஒரே பெயர் வைத்தால் போன் தானாக நல்ல பெட்டிக்கு மாறிவிடும் என்று நினைத்திருந்தேன். மாறுவதும் மாறாததும் போனின் இஷ்டம். என் போன் கடைப் பெட்டியை விட மனசில்லாமல் கூடம் வரை அதன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டே வரும். கடைப் பெட்டியின் சிக்னல் பலத்தைப் பாதியாகக் குறைத்தேன். கடைக்கு அது தாராளம். இப்போது ரேழி தாண்டியதுமே கையை விட்டுவிடுகிறது.

கடைக்கு வருகிறவர்கள் பாஸ்வேர்டு கேட்பது தனிக்கதை. கெஸ்ட் வைஃபையை முற்றத்துப் பெட்டியில்தான் முதலில் போட்டேன். ஒரு வாடிக்கையாளர் அதில் சேர்ந்துகொண்டு, "உங்க பிரிண்டர் என் போன்ல தெரியுதே" என்றார். ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டால் பல பெட்டிகளில் கெஸ்ட் என்பது பெயருக்குத்தான். விருந்தாளியை உள்வீட்டிலிருந்து பிரிக்கும் வேலையை வாசலில் உட்கார்ந்திருக்கும் ரூட்டர்தான் செய்ய முடியும். அதனால் கெஸ்டை ஃபைபர் பெட்டிக்கு மாற்றினேன். விருந்தாளி திண்ணையோடு சரி.

கரண்ட் போனால் ஃபைபர் பெட்டி, ஸ்விட்ச், முற்றத்துப் பெட்டி மூன்றும் உயிரோடு இருந்தால்தான் பிரயோஜனம். மூன்றையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் (அதே ஆள்தான், இப்போது தலை நரைத்துவிட்டது) செய்துகொடுத்தார். நீலக் கம்பி கதையைச் சொன்னேன். "அப்ப சொன்னது அப்பத்துக்கு சார்" என்றார்.

மொட்டை மாடிக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று மகள் கேட்கிறாள். வெட்டவெளியில் நீளமான செப்புக் கம்பி இழுக்க எனக்குத் தைரியமில்லை. 2011 ஐப்பசியில் ஒரு இடி கிட்டத்தில் விழுந்தபோது, மாடிக்குப் போட்டிருந்த கேபிள் வழியாக வந்து ஸ்விட்சில் மூன்று போர்ட்டுகளைச் சாப்பிட்டுவிட்டது. மாடியில் வேலை இருந்தால் போன் டேட்டாவை உபயோகித்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

முற்றத்துப் பெட்டியின் பச்சை விளக்குகள் ராத்திரியில் மினுக்கி அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தன. செட்டிங்கில் போய் விளக்கை அணைத்தேன். அதிலிருந்து புதிய தொல்லை. விளக்கு எரியாததைப் பார்த்து, பெட்டி வேலை செய்யவில்லை என்று நினைத்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் அதன் கரண்ட் ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போடுகிறார்கள். ஒவ்வொரு தரமும் இரண்டு நிமிடம் வீடே இருட்டு, நெட் கணக்கில். அம்மாவே அண்ணனோடு பேசிக்கொண்டிருக்கும்போது, எதிரில் இருந்த ஸ்விட்சைப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

கடைசியில் என் தொழிலைக் காட்டினேன். 36 பாயின்ட்டில், தடித்த எழுத்தில் அடித்து, லேமினேட் செய்து ஸ்விட்சுக்கு மேலே ஒட்டினேன்: "இதை யாரும் அணைக்க வேண்டாம்."

மகள் காபியோடு வந்து நின்று படித்தாள். "யாருப்பா இதைப் போய்க் கட்டிப்பிடிக்கப் போறாங்க?"